விலா உடையும் இடம்

“வரும்போது உனக்கு என்ன கொண்டுட்டு வரணும்?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“சும்மா சொல்லு பிள்ள. வேன்காரன் ஆரன் அடிக்கான் பாரு.”

“ஒண்ணும் வேண்டாம்ங்கேன்லா.”

“ஏதாவது ஒண்ணு சொல்லு. நீ கேட்டு நான் வாங்கிட்டு வந்ததா இருக்கட்டும்.”

“அப்பம் கோடாலித் தைலம் வாங்கிட்டு வாங்க. உம்மாவுக்கு முட்டு வலிக்கி.”

பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, பத்தமடையில் அவர்கள் வீட்டு வாசலில், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகிற வேன் நின்றுகொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. ஃபஹ்மிதா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் சொல்ல நினைத்தது தைலத்தைப் பற்றி அல்ல. கணவன் யஹ்யா போகக் கூடாது, அவ்வளவுதான். அது தொண்டை வரைக்கும் வந்தது. வேன்காரன் இரண்டாவது தடவை ஆரன் அடித்ததும் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

அதன் பிறகு யஹ்யா மஸ்கட்டிலிருந்து ஒன்பது தடவை லீவில் வந்தான். ஒன்பது தடவையும் புறப்படுகிற நேரத்தில் அதே கேள்வியைக் கேட்டான். அவளும் அதே பதிலைச் சொன்னாள். அலமாரியின் மேல்தட்டில் திறக்காத தைலக் குப்பிகள் முப்பதுக்கு மேல் நிற்கின்றன. முட்டு வலிக்காரி உம்மா மௌத்தாகி ஆறு வருடம் ஆகிவிட்டது.

இந்தத் தடவை அவன் வந்தது லீவில் அல்ல. அவன் வேலை பார்த்த கதவு, ஜன்னல் செய்கிற கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு பெட்டியும் ஓர் உளிப் பையுமாக வந்து இறங்கினான். ஃபஹ்மிதா வெளியில் வருத்தப்பட்டாள். உள்ளுக்குள் அல்லாவுக்கு நன்றி சொன்னாள். கேட்காமலே கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

அந்த நினைப்பு ஆறு வாரம் நிலைத்தது.

ஒரு மத்தியானம் சோற்றில் ஆணத்தை ஊற்றிக்கொண்டே யஹ்யா சொன்னான். அவனுடைய கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பட்டறை. உஸ்தாது என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெரியவரும் அவர் மகளும் அங்கே ‘ஊது’ என்கிற நரம்பு வாத்தியம் செய்கிறார்கள். நெடுக்கே பிளந்த சுரைக்காய் மாதிரி வயிறு, குட்டைக் கழுத்து, பின்பக்கம் மடங்கின தலை, பதினொரு நரம்பு. ஆறு வருடமாக வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அவன் அங்கேதான் இருந்திருக்கிறான். முதலில் வேடிக்கை, பிறகு உப்புத்தாள் தேய்க்கிற வேலை, பிறகு இழைப்பு.

“உஸ்தாது சொல்லிட்டாரு. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் உன் கையாலயே ஒண்ணு செஞ்சு அனுப்பு. அது பேசிச்சுன்னா விசா எடுத்து அனுப்புதேன், கதவு அடிக்கதுக்கு இல்ல, ஊது செய்யதுக்குன்னு.” இதைச் சொல்லும்போது நாற்பத்து மூன்று வயது முகம் இருபத்து மூன்று மாதிரி இருந்தது.

“நல்ல விஷயம்தான்” என்றாள் ஃபஹ்மிதா. இன்னும் ஒரு கரண்டி ஆணம் ஊற்றினாள். அவன் ஆணம் கேட்டிருக்கவில்லை.

மறுவாரம் கல்லிடைக்குறிச்சியில் இடித்த ஒரு வீட்டின் உத்திரம் ஒன்று, தோதகத்தி என்கிற ஈட்டி மரம், லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. பழைய மரம் விற்கிற தில்லைநாயகம் அண்ணாச்சியே கூட வந்திருந்தார்.

“தங்கச்சி, நூறு வருசத்து மரம். கட்டில் செஞ்சா நாலு தலைமுறை படுக்கும். ஒம் மாப்பிள்ள என்னடான்னா சுரைக்காய் செய்யப் போறேங்காரு” என்று சிரித்தார்.

“அவுகளுக்குப் பிடிச்சதைச் செய்யட்டும் அண்ணாச்சி” என்றாள்.

புறவாசலில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஃபஹ்மிதா பாய் நெய்கிறவள். அவளுடைய கோரைக் கட்டுகள் அங்கேதான் அடுக்கியிருக்கும். யஹ்யா பாதிக் கொட்டகையைக் கேட்டான். அவள் கட்டுகளை ஒருபக்கமாக ஒதுக்கிக் கொடுத்தாள். அவளுடைய தறி வீட்டின் பின்னறையில் தரையோடு தரையாகக் கிடந்தது. நெய்ய உட்கார்ந்தால் திறந்த கதவு வழியாகக் கொட்டகை நேராகத் தெரியும். அந்த இடத்தில் தறி போட்டது அவளுடைய கெட்ட காலம்.

ஊதின் வயிற்றுக்குப் பத்தொன்பது துண்டுகள் வேண்டும். யஹ்யா அவற்றை விலா என்று சொன்னான். முழங்கையைவிடக் கொஞ்சம் நீளம், மூன்று விரல் அகலம், பழைய அஞ்சல் அட்டை நாலைச் சேர்த்து வைத்த கனம். உத்திரத்தில் பாதியை அம்பாசமுத்திரத்தில் மர மில்லில் கொடுத்து, பென்சில் கோடு போட்டு, நேராக அறுத்துக்கொண்டு வந்தான். மீதிப் பாதியைக் கொட்டகை மூலையில் சாய்த்து வைத்தான்.

வளைக்கிற வேலை தொடங்கியது. வேலை மேசையின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைக் கிடையாக மாட்டி, அதன் வாய்க்குள் எரிவாயுத் தீயைச் செலுத்துவான். குழாய் சூடானதும், நனைத்த மரத் துண்டை அதன் முதுகில் வைத்து, இரண்டு கையாலும் பைய அழுத்துவான். புஸ்ஸென்று ஆவி எழும். மரம் இளகி, குழாயின் மேல் வளையத் தொடங்கும்.

ஃபஹ்மிதா தறியில் இருந்தபடி அதைப் பார்த்தாள். ஈரத் துணியால் அந்தத் துண்டை அவன் துடைக்கிற விதத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, திருப்பி அந்தப் பக்கம் ஒரு தடவை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குப் பத்துப் போடுகிற மாதிரி. நடுநடுவே குனிந்து முகர்ந்து பார்த்தான். ஏதோ முணுமுணுத்தான். மரத்தோடு பேசுகிறானா?

கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவன் மஸ்கட்டில் இருந்தான். அது அவன் குற்றம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன?

தோதகத்தி சூடானால் ஒரு மணம் வரும். லேசான இனிப்பு, ரோசாப்பூவை அடுப்படியில் வாட்டியது மாதிரி. கொஞ்ச நாளில் அந்த மணம் அவன் சட்டையில் ஏறியது, தலைமுடியில் ஏறியது, தலையணை உறையில் ஏறியது. ஃபஹ்மிதா அந்த உறையை வாரத்துக்கு இரண்டு தடவை துவைத்தாள்.

கூட நெய்ய வருகிற அலிமா பீவிக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கை. “ஏளா, ஒம் மாப்பிள்ள சக்களத்திய வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாரு பாத்தியா? மடியில வேற தூக்கி வச்சிருக்காரு.”

“சும்மா இருங்க லாத்தா.”

“பேரு ஊதுங்காரு, ஊதக் கூடாதுங்காரு. தட்டணுமாம், தடவணுமாம். எங்க வீட்டுல உள்ள மனுசனுக்கு இந்த மாதிரி புத்தி வராம அல்லா காப்பாத்தினான்.”

ஃபஹ்மிதா சிரித்தாள். அந்த இடத்தில் பாயில் இரண்டு இழை தளர்ந்து போயிருந்ததை அலிமா பீவிதான் பிறகு கண்டுபிடித்தாள்.

முதல் விலா உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ‘டக்’கென்று ஒரு சத்தம், வறுத்த கடலையைக் கடித்த மாதிரி. யஹ்யா கையில் இரண்டு துண்டோடு நின்றான். ஃபஹ்மிதாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அது சந்தோஷம் என்று தெரிந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. எழுந்து போய் டீ போட்டுக் கொண்டு வந்து கொடுத்தாள்.

இரண்டு, மூன்று, நான்கு. உடைந்த துண்டுகளை அவன் கோபத்தோடு விறகுக் கூடையில் எறிந்தான். சூட்டைக் குறைத்தான், கூட்டினான். வெந்நீரில் ஊற வைத்தான். இன்னும் மெலிதாக இழைத்தான். ஐந்தாவதும் உடைந்தது.

ஆறாவதை ஃபஹ்மிதா கூடையிலிருந்து எடுத்தாள், வெந்நீர் அடுப்பில் போடுவதற்கு. போடுகிற முன் கைப்பழக்கத்தில் கட்டைவிரலை அதன் ஓரத்தில் ஓட்டினாள். மரத்தில் நார் ஓடிய கோடுகள் துண்டின் நீளத்துக்குப் போகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதியிலேயே ஓரத்தைத் தொட்டு வெளியே போய்விட்டன. சரியாக அந்த இடத்தில்தான் துண்டு முறிந்திருந்தது. கூடையிலிருந்த மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தாள். எல்லாமே அப்படித்தான்.

இது அவளுக்குப் புதிது இல்லை. தாமிரபரணிக் கரையில் அறுத்து வருகிற கோரையை இழையாகக் கீறுகிறவர்கள் யாரும் கத்தியை நேராக இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அடியில் ஒரு கீறல், அவ்வளவுதான் கத்திக்கு வேலை. அப்புறம் இரண்டு கையாலும் பிரித்தால் நார் தன் வழியில் தானே பிரியும். வழி வளைந்தால் இழையும் வளைந்து வரும். வரட்டும் என்று விட வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியால் நேராக்கினால் இழை பார்வைக்கு அழகாக இருக்கும், தறியில் மடிக்கும்போது பட்டென்று போகும். யஹ்யா பென்சில் கோடு போட்டு மில்லில் அறுத்தது அந்த வேலைதான். கதவுக்கும் ஜன்னலுக்கும் பென்சில் கோடு போதும். பதினெட்டு வருடம் வளையாத மரத்தையே அறுத்த கைக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அவள் துண்டோடு கொட்டகைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். “என்னங்க...” என்று வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் அவன் போன் கிணுங்கியது. யஹ்யா காதில் வைத்தான். ஒரு பெண்ணின் குரல், அரபியில். உஸ்தாதின் மகள், பெயர் ஷம்ஸா. தினமும் ஒன்றிரண்டு குரல் பதிவுகள் அனுப்புவாள். “யா யஹ்யா” என்று தொடங்கி வேகவேகமாகப் பேசிப் போகும் அந்தக் குரல். யஹ்யா கேட்டுக்கொண்டே சிரித்தான். பிறகு பதில் பேசினான். அந்த மொழியில் அவன் குரல் வேறு ஆளுடையதாக இருந்தது. வேகமாக, கையை ஆட்டி, நடுவில் கேலி செய்து. ஃபஹ்மிதா குர்ஆனை எத்தனையோ தடவை முழுதாக ஓதி முடித்தவள். எழுத்து ஒவ்வொன்றும் தெரியும். ஆனால் தன் மாப்பிள்ளை எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியவில்லை.

அவள் திரும்பிப் போய் அந்தத் துண்டை அடுப்பில் போட்டாள். அது மணத்தோடு எரிந்தது.

வியாழக்கிழமை மகள் மைதீன் பாத்திமா வந்தாள். மேலப்பாளையத்தில் பெண்கள் மதரசாவில் தங்கி ஆலிமா என்கிற மார்க்கப் படிப்பு படிக்கிறாள், மூன்றாவது வருடம். யஹ்யா சாயங்கால அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தான். போன் தறிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

“பாத்திமா, இதுல அந்தப் பொம்பிள என்ன பேசுதான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு.”

“உம்மா, இது வாப்பா போனு.”

“வாப்பா போனுதான். நான் என்ன எடுத்து விக்கவா சொல்லுதேன்?”

“கேக்காம எடுக்கது தப்பும்மா.”

“ஓதிட்டு வந்து எனக்கே பயான் பண்ணாத. என் சமையலைத் தின்ன வாயிதான அது? சொல்லு.”

மைதீன் பாத்திமா உதட்டைக் கடித்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள். “இது கிதாபுல உள்ள அரபி இல்லம்மா, பேச்சு அரபி. பாதிதான் புரியுது... ஒடஞ்சதுக்குக் கவலப்படாதிய, வாப்பா கூட மொத வருசம் நெறைய ஒடச்சாங்களாம்... அவங்க வாப்பா. உங்க பெஞ்ச யாருக்கும் குடுக்கல. உளி எல்லாம் அங்கனயே இருக்கு...” கொஞ்சம் நிறுத்தினாள். முகத்தில் ஒரு குறும்பு வந்தது. “வெள்ளிக்கிழம நீங்க பாடாம பட்டறை சத்தமில்லாம கிடக்கு, பெருக்குத தாத்தா கூட எங்க அந்த இந்தியாக்காரர்னு கேக்காருங்கா. உம்மா, வாப்பா பாடுவாங்களா?”

ஃபஹ்மிதா தறியில் ஓர் இழையைக் கோத்தாள்.

“எனக்குத் தெரியவே தெரியாது! என்ன பாட்டும்மா பாடுவாங்க?”

“போனை வச்சுட்டுப் போயிக் கையக் கழுவிட்டு வா. முட்ட ஆப்பம் ஊத்துதேன்.”

அன்று ஊற்றின ஆப்பம் எல்லாமே அடி பிடித்தது. அந்தப் பெண் அவனைக் கொத்திக்கொண்டு போய்விடுவாள் என்று ஃபஹ்மிதா நினைக்கவில்லை. அப்படி ஒன்றும் இல்லை என்று அந்தக் குரலைக் கேட்டாலே தெரியும். அது ஒரு தங்கச்சி அண்ணனிடம் பேசுகிற குரல். அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட அவளுக்குச் சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும். இது அதைவிட மோசம். கடல் தாண்டி ஒரு யஹ்யா இருக்கிறான். பாடுகிறான், கேலி பேசுகிறான், கூட்டுகிற தாத்தாவுக்குக்கூட அவனைத் தேடுகிறது. அவளுக்குக் கிடைத்தவன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, குழாய் ரிப்பேர் பார்த்து, சொந்தக்காரர்கள் வீட்டுக்கு டார்ச் லைட்டும் தைலமும் கொடுத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகிறவன்.

இனி அவள் சொல்லவே போவதில்லை. உடையட்டும்.

உடைந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு ‘டக்’குக்கும் ஃபஹ்மிதா தறியில் ஓர் இழையை இறுக்கி அடித்தாள். பதினோராவதின்போது அவன் மணிக்கட்டு குழாயில் பட்டுப் பொசுங்கியது. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி, மருந்து தடவி, துணி கட்டினாள். கட்டும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை, உடைந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முடிச்சைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள்.

பத்தொன்பதாவது ஒரு சனிக்கிழமை போனது. மில்லில் அறுத்தது எல்லாம் தீர்ந்தது. மூலையில் மீதி உத்திரம் மட்டும், இன்னும் ஒரே ஒரு வயிற்றுக்கு உண்டான மரம்.

யஹ்யா தீயை அணைத்தான். வீட்டுக்குள் வந்து தறிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“என் கைக்கு இது வராது பிள்ள.”

அவள் நெய்வதை நிறுத்தவில்லை.

“உஸ்தாதுக்கு நாளைக்குச் சொல்லிருதேன், வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு. தில்லைநாயகம் அண்ணாச்சி ஜன்னல் வேலைக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காரு. இங்கனயே இருந்து அதப் பாக்கேன்.”

இங்கனயே இருந்து. பதினெட்டு வருடம் அவள் தொண்டையில் இருந்தது அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

“உங்க இஷ்டம்” என்றாள்.

ஞாயிறும் திங்களும் கொட்டகை சத்தமில்லாமல் இருந்தது. யஹ்யா சரியாகச் சாப்பிட்டான், நேரத்துக்குத் தொழப் போனான், மார்க்கெட்டில் கேட்டதை வாங்கி வந்தான். போன் கிணுங்கினால் எடுக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் புறவாசல் படியில் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கடையில் ஏமாந்து வாங்கிய பொருளைப் பார்க்கிற மாதிரி. சட்டையில் தோதகத்தி மணம் போய்விட்டது. தலையணை உறையிலும் போய்விட்டது. அவள் ராத்திரி முகத்தைத் திருப்பி முகர்ந்து பார்த்தாள். வெறும் சோப்பு மணம்.

கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்து கொடுப்பது பத்தமடை வழக்கம். அவள் தறியில் அப்போது கிடந்தது ஆழ்வார்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்கு உண்டானது, மகாராஜன், பிரியதர்ஷினி. திங்கட்கிழமை சாயங்காலம் அலிமா பீவி எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

“ஏளா, என்ன வேல பாத்து வச்சிருக்க? மாப்பிள்ள பேருக்குப் பக்கத்துல பொண்ணு பேர வைக்காம மறுபடியும் மாப்பிள்ள பேரையே நெய்திருக்கியே! அவன் தன்னையேவா கெட்டிக்கிடப் போறான்?”

ஃபஹ்மிதா பார்த்தாள். மகாராஜன், மகாராஜன். நாலு விரல் அகலத்துக்கு.

“தனியா இருக்கப் போறான் போல” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள், அந்தச் சிரிப்பு கண்ணீரில் போய் நின்றது. அலிமா பீவி பக்கத்தில் உட்கார்ந்து இழைகளைப் பிரிக்க உதவினாள்.

பிரிக்கப் பிரிக்க ஃபஹ்மிதாவுக்கு ஒன்று விளங்கியது. அவன் இருந்துவிட்டான். ஆனால் அவள் இருக்கச் சொல்லி அல்ல, அவன் கை தோற்றுப் போனதால். இந்தத் தோல்வி அவனுடையது இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல், துண்டோடு சேர்த்து அவள் அடுப்பில் போட்டு எரித்ததால் வந்தது. இப்படி இருக்கிற மனிதனை நாற்பது வருடம் பக்கத்தில் வைத்துக்கொண்டாலும் அவன் மஸ்கட்டில் இருப்பதைவிடத் தூரத்தில்தான் இருப்பான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கோரை கீறுகிற கத்தியை எடுத்துக்கொண்டாள். எரிக்காமல் விட்டிருந்த மூன்று உடைந்த துண்டுகளையும் எடுத்தாள். புறவாசல் படியில் இருந்த யஹ்யாவைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள்.

“இங்க வாங்க.”

“என்ன பிள்ள, பாம்பா?”

“வாங்கங்கேன்லா.”

வந்தான். அவள் மூன்று துண்டுகளையும் வேலை மேசையில் வரிசையாக வைத்தாள். கத்தி முனையால் ஒரு கோட்டைத் தொட்டு, அது போகிற வழியே ஓட்டினாள். கோடு ஓரத்தில் வெளியேறிய இடத்தில் கத்தி நின்றது. மரமும் அங்கேதான் முறிந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படிச் செய்தாள். மூன்றாவதுக்கு அவன் கையே முந்திக்கொண்டது. அவன் கட்டைவிரல் கோட்டின் மேல் ஓடி, அதே இடத்தில் நின்றது.

அவன் அந்தத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“மில்லுல அறுத்தது தப்பு” என்றாள் அவள். “மரத்தைப் பிளந்து பாருங்க, அது எங்கன போகுதுன்னு. அது போற வழிக்கு அறுங்க. கோரைய நாங்க அப்படித்தான் கீறுதோம்.”

“பிளந்தா கொஞ்சம் மரம் வீணாப் போகுமே.”

“நேரா அறுத்து முழு மரமும் வீணாப் போச்சுல்லா?”

அவன் ஆப்பும் சுத்தியலும் எடுத்து வந்தான். உத்திரத்தின் நெற்றியில் ஆப்பை வைத்து அடித்தான். நாலாவது அடிக்கு நூறு வருடத்து மரம் முனகிக்கொண்டு பிளந்தது. உள்முகம் அலை அலையாக, ஆற்றுமணலில் தண்ணீர் போன தடம் மாதிரி வளைந்து கிடந்தது. அவன் பென்சிலை எடுத்தான். ஸ்கேலை எடுக்கவில்லை. அந்த அலையை ஒட்டியே கோடு போட்டான். மில்லுக்குப் போகவில்லை, கைரம்பத்தால் அறுத்தான். மத்தியானம் தாண்டி, அஸர் தாண்டி, ஒரே ஒரு துண்டு. கோணலாக இருந்தது. இழைத்தான். ஃபஹ்மிதா கோரையை ஈரப்படுத்துகிற துணியை நனைத்து அதைத் துடைத்துக் கொடுத்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. மரம் அவள் கையில் குளிர்ந்து இருந்தது. இதன் மேலேயா இத்தனை நாள் இத்தனை ஆத்திரம்?

குழாய் சூடேறியது. யஹ்யா துண்டை வைத்து அழுத்தினான். ஆவி எழுந்தது. ஃபஹ்மிதா காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தச் சத்தத்துக்காக அவள் எத்தனை தடவை காத்திருந்தாள்!

சத்தம் வரவில்லை. மரம் இணங்கி, குழாயைச் சுற்றிப் பைய இறங்கியது. அவன் கொஞ்சம் நகர்த்தினான், மறுபடி அழுத்தினான், நகர்த்தினான். அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. அவன் பாடிக்கொண்டிருந்தான். சொல் இல்லை, மூக்குக்குள் ஓர் இழுப்பு, கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி மேலே ஏறுகிற ராகம். அவனுக்கே தெரியாமல் வந்துகொண்டிருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கடல் தாண்டி இருந்த ஆள் இதோ இரண்டு முழம் தூரத்தில், பொசுங்கின மணிக்கட்டோடு.

அவன் வளைந்த விலாவை, ஊதின் வயிற்று வடிவத்தில் செய்து வைத்திருந்த மர அச்சின் மேல் வைத்தான். முடிவிலிருந்து முடிவு வரை கச்சிதமாக உட்கார்ந்தது. பாட்டு நின்றது.

“பாத்தியா!” என்றான். முகம் மறுபடியும் இருபத்து மூன்று ஆகியிருந்தது. “இனி பதினெட்டுதான். மூணு வாரத்துல வயிறு முடிஞ்சிரும். பஹ்மி, இத நீ மொதல்லயே...” என்று தொடங்கியவன் நிறுத்தினான். மேசை மேலிருந்த மூன்று துண்டுகளையும் பார்த்தான். அவை கொஞ்சம் கரி படிந்து, பழசாக இருந்தன. “இது எப்பம் உடஞ்சது?”

“போன மாசம்.”

“எப்பம் இருந்து உனக்குத் தெரியும்?”

அவள் ஈரத் துணியைப் பிழிந்தாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

“ஆறாவதுல இருந்து.”

“பதிமூணு உடையதப் பாத்துக்கிட்டா இருந்த?”

“ஆமா.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். ஒவ்வொண்ணும் உடையும்போது சந்தோசமா இருந்துச்சு. இப்பம் ஏசணும்னா ஏசுங்க.”

அவன் ஏசவில்லை. குழாயின் தீயை அணைத்தான். அந்த இரைச்சல் நின்றதும் கொட்டகைக்குள் எல்லாம் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

“கட்டு போடும்போது முடிச்சு இறுகுனது அதுதானா?” என்றான் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே.

“அதுவும்தான்.”

அவன் வாயோரம் லேசாகக் கோணியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. “அப்பம் இன்னைக்கு என்னத்துக்குச் சொன்ன? சொல்லாம இருந்தா நான் ஜன்னல் அடிச்சிக்கிட்டு இங்கனதான கிடப்பேன்?”

“நீங்க அப்படிக் கிடக்கது எனக்கு வேண்டாம்.”

“வேற என்னதான் வேணும் உனக்கு? ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு கேக்கேன். ஒரு நாளாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கியா? தைலம், தைலம், தைலம். மஸ்கட்டுல கடைக்காரன் என்னையப் பாத்தாலே தைலத்த எடுத்து வைக்கான். இப்பம் நான் போற ஆளு இல்ல, வாசல்ல வேனும் இல்ல. கேக்கேன். என்ன வேணும்?”

அச்சின் மேல் விலா ஆறிக்கொண்டிருந்தது. இனி அந்த வளைவு நேராகாது. பத்தொன்பதும் முடிந்தால் விசா வரும். வழியைக் காட்டிக் கொடுத்தவள் அவள்தான். அதனால்தானோ என்னவோ, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகத் தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை.

“இத முழுசாச் செய்ங்க. நரம்பு கெட்டுங்க. மொதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டுங்க, அதுக்குப் பெறவு அந்த உஸ்தாதுக்கு அனுப்பி வைங்க” என்றாள் ஃபஹ்மிதா. “ஆனா நீங்க போகாதிய.”